கதவு தெரிகிற நாற்காலி

என் சித்தி மகப்பேறு மருத்துவமனையில் ஆயா. பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நிற்பதுதான் அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். சாயங்காலத்தில் இரண்டு காலும் வீங்கிப்போகும். வீட்டுக்கு வந்ததும் என் அம்மாவின் தையல் மெஷின் பலகை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அம்மா திட்டிக்கொண்டே தைக்கிற துணியை நகர்த்துவாள்.

"ஆஸ்பத்திரியில அத்தனை நாற்காலி கெடக்கு. இவளுக்குக் கால் நீட்ட என் மெஷின்தான் கெடச்சுது."

சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள்: "உள்ள அவளுங்க கத்துறத தினம் கேக்குறேன். அப்புறமும் கட்டிக்க நான் என்ன லூசா?"

கதவுக்கு வெளியே நிற்பதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான். வேலை இது: வலி வந்த பெண்ணை உள்ளே அனுப்பும்போது, கூட வந்தவர்களில் ஒருவர் சித்தியிடம் ஒரு துணிப் பை கொடுக்க வேண்டும். குழந்தையைச் சுற்றுவதற்கு நைந்து மெத்தென்றான பருத்தித் துணி இரண்டு, ஒரு துண்டு, அவ்வளவுதான் அதில் இருக்கும். பையை வாங்கும்போது சித்தி பையைப் பார்ப்பதில்லை, கொடுப்பவரின் முகத்தைப் பார்ப்பாள். குழந்தை பிறந்து, துடைத்து, எடை போட்டு, அந்தத் துணியிலேயே சுற்றி வெளியே கொண்டுவரும்போது அதே முகத்தைத் தேடுவாள்.

"பை குடுத்த கைதான் புள்ளைய வாங்கணும்." இது அவள் சட்டம். மருத்துவமனை விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. ஒருமுறை ஒரு பெரிய மனிதரின் காரோட்டி பையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவன் திரும்பி வரும்வரை பெரிய மனிதர் தன் சொந்தப் பிள்ளையை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கத்தியதற்கெல்லாம் சித்தி, "உங்க புள்ளதாங்க, யாரு இல்லேன்னா? அவர் வரட்டும்" என்று மட்டும் சொன்னாளாம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு குழந்தைகூட அவள் கையிலிருந்து தவறான கைக்குப் போனதில்லை.

பழைய கட்டடத்தில் அந்தக் கதவுக்கு நேர் எதிரே நீளமான வராந்தா இருந்தது. ஓடு ஒழுகும், மின்விசிறி சுற்றாது. ஆனால் எங்கே உட்கார்ந்தாலும் கதவு தெரியும். போன வருடம் புதுக் கட்டடம் திறந்தார்கள், பழையது இடிபட்டது.

நான் அப்போது கட்டடக்கலைக் கல்லூரியில் கடைசி வருடம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஏதாவது ஒரு கட்டடத்தை எடுத்து ஆய்வு எழுதச் சொன்னார்கள். நான் அந்தப் புது மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தை எடுத்துக்கொண்டேன். அழகான கூடம். இரண்டு மாடி உயரம், கூரையில் கண்ணாடி, வெயில் உறைக்காமல் வெளிச்சம் மட்டும் இறங்கும். நூற்றிருபது இருக்கைகள். நாற்பது பக்கம் எழுதினேன். 'பதற்றத்தில் இருக்கும் மனத்தை இந்த வெளிச்சம் ஆற்றுகிறது' என்று ஒரு வரி எழுதினேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வந்தது. அதே கட்டடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, நான் எழுதிக்கொண்டிருந்த அறையிலேயே தூங்கிய சித்தியிடம் ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது யோசித்தால் முகம் சூடாகிறது. அவளுக்குக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில்தான் விஷயம் தெரிந்தது. ஒருநாள் சித்தி காலைத் தூக்கி மெஷின் மேல் வைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாதான் முதலில் கவனித்தாள்.

"என்னடி, கால் வலி போயிடுச்சா?"

சித்தி இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். மெமோ. அதுவும் இரண்டாவது மெமோ. முதலாவதை யாரிடமும் காட்டாமல் துணிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். பிரசவ அறைக்கு முன்னால் உள்ள நடைவழியில் கூட்டம் சேர விடுவதால் தள்ளுபடுக்கைகள் போக முடியவில்லை. நான்கு நிமிடத் தாமதம் ஏற்பட்டது. கட்டடத்தின் முதலாம் ஆண்டுப் பார்வையிடல் நடக்கும் நாளிலும் இதே நிலை இருந்தால், அவர் அடித்தளத்தில் உள்ள சலவைப் பிரிவுக்கு மாற்றப்படுவார். கீழே நிர்வாக அதிகாரியின் கையெழுத்து. பார்வையிடலுக்குப் பதினாறு நாள் இருந்தது.

"சலவைக்குத்தானே? உக்காந்துக்கிட்டே வேலை பாக்கலாம்ல?" என்றாள் அம்மா, தேற்றுவதாக நினைத்து.

சித்தி அவளைப் பார்த்த பார்வையில் அம்மா சட்டென்று ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நான் போயிட்டா அங்க யாருக்குக்கா முகம் தெரியும்?" என்றாள் சித்தி. "மைக்குல நம்பர் சொல்வாங்க. நம்பருக்கு என்ன, யாரு வேணா கை நீட்டலாம்."

மறுநாள் நானும் அவளோடு போனேன். கட்டடம் படித்தவள் என்ற திமிர் கொஞ்சம் இருந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது பெரிய வித்தையா, அம்புக்குறி போட்டால் முடிந்தது என்ற நினைப்பு.

கூடத்தில் நூற்றிருபது இருக்கைகளில் பதினைந்து பேர்கூட இல்லை. இருந்தவர்களும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஆண்கள். கூடத்திலிருந்து இடதுபக்கம் திரும்பினால் நடைவழி. அங்கே எழுபது எண்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தரையில் உட்கார்ந்திருந்தார்கள், சுவரில் சாய்ந்திருந்தார்கள். எல்லோர் முகமும் ஒரே பக்கம், பிரசவ அறைக் கதவைப் பார்த்து. ஒரு தள்ளுபடுக்கை வந்தால் விசில் என்று பட்டப்பெயர் கொண்ட காவலாளி ஊதுவார். கூட்டம் பிளந்து வழிவிடும். படுக்கை போனதும் மூடிக்கொள்ளும்.

"ஏன் இங்க நிக்கிறீங்க? உள்ள காத்தாட நாற்காலி இருக்கே?" என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"உங்க வீட்டுப் பொண்ணு உள்ள இருக்காளாம்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"இல்லங்க."

"அப்ப நீ போயி உக்காரு கண்ணு."

ஒலிபெருக்கியின் கதையையும் அன்று நேரில் பார்த்தேன். இயந்திரம் போலப் பேசும் ஒரு பெண் குரல்: 'பதிவு எண் நானூற்றுப் பதினேழின் உறவினர்கள் உடனடியாக உதவி மேசைக்கு வரவும்.' 'உடனடியாக' என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு மாமியார் தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, "ஐயோ, என் மருமக போயிட்டாளே" என்று ஓலமிட்டார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் அழுகை தொற்றிக்கொண்டது. விசில் ஓடிப்போய் விசாரித்துவிட்டு வந்து, "யம்மா, மூணு கிலோ இருநூறு கிராம் பேத்தி! துணி பத்தலையாம், இன்னொரு துண்டு கேக்குறாங்க" என்றார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் விசிலைத் திட்டினார், பிறகு ஒலிபெருக்கியைத் திட்டினார், கடைசியில் துண்டு தேடினார். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அதற்கப்புறம் நடைவழியை விட்டு நகர்வதாக இல்லை.

நான் விடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பலகைகள் எழுதினேன். அம்புக்குறி, படம், 'இங்கே அமரவும்', எல்லாம் பெரிய எழுத்தில். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது ஒரு பலகையில் மூன்று பைகளும் ஒரு குடையும் தொங்கின. இன்னொன்றைத் தரையில் போட்டு அதன்மேல் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். பார்வையிடலுக்குப் பன்னிரண்டு நாள்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது சித்தியோடு சண்டை வந்தது.

"ஜனங்களுக்குப் பழக்கமில்ல சித்தி. கொஞ்ச நாள்ல பழகிடுவாங்க. அந்தக் கூடம் எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? நான் மூணு மணி நேரம் அங்க உக்காந்து பாத்துதான் எழுதினேன்."

"யாருக்காக உக்காந்த?"

"யாருக்காகவும் இல்ல. சும்மா, பாக்கத்தான்."

"சும்மா உக்காந்தா நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப கட்டினவங்க எல்லாம் முட்டாளா?"

"முட்டாள்னு யாருடி சொன்னா? எனக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. நீ கோச்சுக்கிறதா இருந்தா அதுக்கப்புறம் கோச்சுக்க."

அடுத்த நாள் முழுவதும் நான் போகவில்லை. சித்தி வேலை முடிந்து வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

"அந்த நாப்பது பக்கம் எழுதினியே, அதுல துணி அறை இருக்கா?"

அவள் சொன்னது இது. கூடத்தில் தூண் ஓரமாக ஒரு ஒற்றை நாற்காலி இருக்கிறது. மற்றவை எல்லாம் நால்வர் உட்காரும் இரும்பு பெஞ்சுகள், கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி தரையில் திருகாணி போட்டு முடுக்கியவை. இந்த ஒன்று மட்டும் யாரோ கொண்டுவந்து போட்ட மர நாற்காலி. காலையில் கூடம் காலியாகக் கிடக்கும்போதும் இது மட்டும் காலியாவதில்லை. இதற்காகச் சண்டைகூட நடக்கிறது. கை வைக்கும் இடத்தில் மெருகெல்லாம் தேய்ந்து மரம் வெளுத்திருக்கிறது. இதில் என்ன இருக்கிறது என்று சித்தி இன்று மத்தியானம் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஒன்றும் இல்லை, எதிரே துணி அறையின் மூடிய கதவு. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"இப்ப ஒண்ணும் தெரியாதுக்கா. காலையில எட்டுலேர்ந்து பத்து வரைக்கும் வாங்க. துணி வண்டி போறப்ப ரெண்டு கதவையும் திறந்து வைப்பாங்க. நேரா அந்தக் கதவு தெரியும்."

துணி அறை கூடத்துக்கும் நடைவழிக்கும் நடுவில் இருக்கிற ஒடுக்கமான அறை; சலவைக்குப் போகிற துணி சேரும் இடம். வண்டி போவதற்காக இரண்டு பக்கமும் அகலமான இரட்டைக் கதவு. இந்தக் கதவும் அந்தக் கதவும் நேர்கோட்டில். அதற்கும் நேர் எதிரே பிரசவ அறை.

நான் என் ஆய்வுக் கட்டைத் தேடி எடுத்து, வரைபடத்தைத் தரையில் விரித்து, அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டேன். கோடு எங்கும் இடிக்காமல் போய்ச் சேர்ந்தது. நாற்பது பக்கத்தில் துணி அறையைப் பற்றி நான் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: 'இதர'.

"அப்ப அவங்க நாற்காலிய வேணாங்கல," என்றேன்.

"வேணாங்கறாங்கன்னு நான் எப்ப சொன்னேன்? பை குடுத்துட்டு நிக்கிறவளுக்கு அந்தக் கதவத் தவிர வேற எதுவும் கண்ணுல ஏறாது. நீ கூரையில நிலாவையே இறக்கினாலும் ஏறாது."

"கோட்டுல எத்தன பேரு உக்கார முடியும்னு பாக்கறேன் சித்தி. ஆறு பெஞ்ச ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா போட்டா இருபத்தினாலு பேரு."

"எண்பது பேரு நிக்கிறாங்களே."

நான் வரைபடத்தில் இன்னும் பெஞ்சுகளுக்கு இடம் தேடினேன். சித்தி தேடவில்லை. விரலை மடக்கி எண்ணினாள். ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் பெண்கள் அதிகம் போனால் இருபது, இருபத்திரண்டு.

"பை குடுத்தவங்க மட்டும் அங்க. குடும்பத்துக்கு ஒரு கண்ணு போதும். மத்தவங்க எங்கயாவது தூங்கட்டும், திங்கட்டும்."

என் கல்லூரியில் இந்தக் கணக்கைப் போட ஒரு குழு அமைத்திருப்பார்கள்.

பெஞ்சைத் திருப்ப அனுமதி வேண்டும். சித்தி நிர்வாக அதிகாரியிடம் போனாள். அவர், "கூட்டத்தைக் கலைக்கச் சொன்னா, நாற்காலியக் கலைக்கறேங்கறீங்களே" என்று சிரித்து அனுப்பிவிட்டார். அடுத்து பிரசவ அறையின் தலைமைச் செவிலியிடம் போனாள். எல்லோரும் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடும் அவர் அதிகம் பேசாதவர். கேட்டுவிட்டு, "துணி அறை சாவி என் பொறுப்புதான். துணி அடுக்குற ராக்கையெல்லாம் சுவரோரமா தள்ளி, கதவ நாள் பூரா திறந்து வச்சுக்கோ. பெஞ்சப் பத்தி என்கிட்ட நீ எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருத்துவமனை ஃபிட்டர் அண்ணன் திருப்புளிகளோடு வந்தார். குண்டான மனிதர். தரையில் படுத்துத் திருகாணியைக் கழற்றும்போது, "இதுக்கு என்னை சலவைக்கு அனுப்பினா, அங்க மெஷின் ரிப்பேர் பண்ணவும் என்னைத்தான் கூப்பிடணும். எனக்கென்ன பயம்?" என்றார். காத்திருந்த உறவினர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஆறு பெஞ்சுகள் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித் துணி அறையைப் பார்த்துத் திரும்பின.

சித்தி நடைவழிக்குப் போனாள். கத்தவில்லை. பை கொடுத்த ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டுக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்து, "பாருங்க. தெரியுதா?" என்று கேட்டாள். அவர்கள் பார்த்தார்கள். "தெரியுது" என்றார்கள். கை கால்கள் தளர்வதை நான் கண்ணால் பார்த்தேன். மற்றவர்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள்; தங்கள் வீட்டு ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தை விட்டு எங்கே போவார்கள்? பதினொரு மணிக்கு நடைவழியில் விசில் மட்டும் தனியாக நின்றார். ஊதுவதற்கு ஆளில்லாமல் விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாரம் முழுவதும் அப்படியே நடந்தது. பெஞ்சுக்குக் கீழே டிபன் பாத்திரங்கள் வந்தன. கோடு எங்கே முடிகிறது என்று யாரோ சாக்பீஸில் தரையில் அடையாளம் போட்டார்கள். உள்ளே போகும் பெண்களிடம் அவர்களுடைய அம்மாக்கள், "அந்த பெஞ்சுல நான் இருப்பேன், நீ பயப்படாத" என்று கைகாட்டிச் சொல்வதைக் கேட்டேன். வந்து முழுதாக ஒரு மணி நேரம் ஆகாதவர்கள் அவர்கள். நான் நாற்பது பக்கம் எழுதியும் எனக்குப் பிடிபடாத கட்டடம் அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டிருந்தது.

பார்வையிடல் நாள் வந்தது. மூன்று மணிக்கு வருகிறார்கள். கட்டடத்தை வரைந்த கட்டடக்கலைஞர் அம்மா ஒருவர், துறை ஆட்கள் நான்கு பேர். இரண்டே முக்காலுக்கு நான் கூடத்துக்குள் நுழைந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். துணி அறையின் இரண்டு கதவும் சாத்தி, கொண்டியில் பெரிய பூட்டுகள் தொங்கின. விருந்தாளிகள் கண்ணில் அழுக்குத் துணி படக்கூடாது என்று நிர்வாக அதிகாரியே கொண்டுவந்து பூட்டியிருக்கிறார். சாவி அவருடைய பையில். அவர் கீழே வாசலில், பூங்கொத்தோடு. பெரிய சிஸ்டர் உள்ளே ஒரு சிக்கலான பிரசவத்தில்.

முதலில் ஒரு பெண் நடைவழிப் பக்கம் நடந்தாள். பிறகு மூன்று பேர். பிறகு பெஞ்சே காலியாக ஆரம்பித்தது. இன்னும் பத்து நிமிடத்தில் நடைவழி பழையபடி நிரம்பிவிடும். அதைப் பார்த்துக்கொண்டே விருந்தாளிகள் லிஃப்டிலிருந்து இறங்குவார்கள். மூன்றாவது மெமோவுக்கு அவசியமே இருக்காது.

சித்தி பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். குள்ளமான ஆள் அவள். கூட்டத்தில் தலை தெரிய வேறு வழியில்லை.

"யாரும் போகாதீங்க! அஞ்சு நிமிஷம் உக்காருங்க. நான் திறந்து குடுக்கறேன்."

"கதவு தெரியாம எப்படிக்கா உக்கார்றது?" என்றான் ஒரு இளைஞன். மனைவி உள்ளே போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது, குரல் உடைந்திருந்தது.

"உன் பை பச்சை கலரு. ஓரத்துல கிழிஞ்சு தச்சிருக்கு. உன் மூஞ்சி எனக்குத் தெரியும்பா. அஞ்சு நிமிஷம்."

அவன் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நடைவழியில் போய் நின்றவர்கள் திரும்பி வந்தார்கள். பூட்டியவரிடமே போய்ச் சாவி கேட்டால் கொடுக்க மாட்டார். நான்தான் ஃபிட்டர் அண்ணனைத் தேடி மூன்று மாடி ஓடினேன். அவர் பூட்டை ஒரு முறை பார்த்தார், கொண்டியை ஒரு முறை பார்த்தார்.

"பூட்டு நல்ல பூட்டு. உடைக்க முடியாது," என்றார்.

"அண்ணே!"

"உடைக்க முடியாதுன்னுதானே சொன்னேன். கொண்டி நாலு ஸ்க்ரூதான்."

கழற்றிக் கழற்றி என் உள்ளங்கையில் போட்டார். கொண்டி, பூட்டு பூட்டியபடியே, கதவிலிருந்து கையோடு வந்தது. ஃபிட்டர் அண்ணன் நடைவழிப் பக்கமாகச் சுற்றிப் போய், மறு கதவின் கொண்டியையும் கழற்றினார். கதவுகள் திறந்தன. கூடத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. இருபத்தி நான்கு பேர் ஒரே நேரத்தில் விட்டது. லிஃப்ட் மணி அடித்தது.

விருந்தாளிகள் நடைவழியைப் பார்த்தார்கள். சுத்தமாக, நீளமாக, யாரும் இல்லாமல் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு தள்ளுபடுக்கை வேகமாக வந்து, எங்கும் நிற்காமல், நேராகப் பிரசவ அறைக்குள் போனது. விசில் சல்யூட் அடித்தார். யாருக்கு என்று தெரியவில்லை. நிர்வாக அதிகாரி புன்னகையோடு கூடத்துக்குள் திரும்பினார். திறந்து கிடந்த துணி அறையைப் பார்த்ததும் புன்னகை நின்றது.

"யார் இதைத் திறந்தது? நான் பூட்டினேனே!"

சித்தி என் கையிலிருந்த பூட்டை வாங்கி அவரிடம் நீட்டினாள். "பூட்டு பூட்டினபடியேதான் சார் இருக்கு. பத்திரமா இருக்கு."

கூடத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும். வரைந்த அம்மா சிரிக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. திரும்பிப் போட்ட பெஞ்சுகளைப் பார்த்தார், உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தார், அந்த முகங்கள் பார்க்கும் திசையைப் பார்த்தார். இரண்டாவது பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது. போய் அதில் உட்கார்ந்தார்.

"யம்மா, அது எங்க அத்தை இடம். பாத்ரூம் போயிருக்காங்க," என்றாள் பக்கத்துப் பெண்.

"ஒரே நிமிஷம்."

"யாரு உள்ள இருக்கா உங்களுக்கு?"

அந்த அம்மா இரண்டு கதவுகளின் வழியே அந்த மூன்றாவது கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் வெகுநேரம் நீண்டது. அத்தை வந்ததும் எழுந்து இடம் விட்டு, சித்தியிடம் வந்தார்.

"நீங்கதான் மாத்தினீங்களா?"

"ஆமாங்க. பெஞ்சக் கழட்டினது, கதவத் திறந்தது எல்லாம் நான் சொல்லித்தான். ஃபிட்டர் மேல தப்பில்ல."

"துணி அறைய எங்கயாவது வைக்கணுமேன்னு அங்க வச்சேன்," என்றார் அவர். "வரையும்போது அது எனக்கு மிச்ச இடம்."

சித்தி தலையைத் தூக்கிக் கண்ணாடிக் கூரையைப் பார்த்தாள். "கூரை நல்லாருக்குங்க," என்றாள். "மழைக்கு ஒழுகல."

இப்போது அவர் சிரித்தார். என் பக்கம் திரும்பி, "நீ யாரும்மா?" என்று கேட்டார். என்னிடம் பட்டம் இருந்தது. அவருடைய கூடத்தைப் பற்றிய நாற்பது பக்கம் இருந்தது. வேலையும் எனக்குத் தேவையாக இருந்தது. "இவங்க அக்கா பொண்ணு," என்றேன். அது போதுமானதாக இருந்தது. ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குள் பிரசவ அறையிலிருந்து மணி அடித்தது. சித்தி எல்லோரையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். இரண்டு நிமிடத்தில் கதவு திறந்தது. துணி அறைக் கதவுகளின் சட்டத்துக்குள், வெள்ளைச் சுவருக்கு முன்னால், கையில் ஒரு மூட்டையோடு அவள் நின்றாள். பச்சைப் பை தோளில் தொங்கியது. கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த இளைஞன் செருப்பையும் மறந்து ஓடினான். அவனுக்கு வழிவிட இருபத்துமூன்று பேரும் காலை மடக்கிக்கொண்டார்கள். துறை ஆட்கள் நால்வரும்கூட ஒதுங்கினார்கள். நிர்வாக அதிகாரி கையில் பூட்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் அந்தச் சுவரை எடுத்தார்கள். பலகைச் சுவர்தான், வரைந்த அம்மாவே வந்து நின்று எடுக்க வைத்தார். துணி அறை மாடிப்படிக்குப் பின்னால் போனது. இப்போது அறுபது இருக்கைகளிலிருந்து கதவு தெரிகிறது. வெளிச்சமும் நடைவழிவரை போகிறது. அதை நான் என் ஆய்வில் கேட்டிருக்கக்கூட இல்லை. ஒலிபெருக்கி இருக்கிறது, மருந்துக்கடைக்கு வரிசை சொல்லப் பயன்படுகிறது. நான் வாங்கிய பட்டத்தைப் பற்றிப் பிறகு விசில் உளறிவிட்டதால், வேறொரு மருத்துவமனைக்கான வரைபடங்களில் உதவி செய்ய அந்த அம்மா என்னை அழைத்தார். போகிறேன். முதல் வாரம் வரையச் சொல்லாமல், பழைய மருத்துவமனை ஒன்றில் சும்மா உட்காரச் சொன்னார். யாராவது ஒருவருக்காக உட்காரும்படியான இடமாகத் தேடி, நோயாளியோடு தனியாக வந்திருந்த ஒரு பெரியவருக்குத் துணையாக உட்கார்ந்தேன். கையில் நோட்டு இருந்தது, எழுதத் தோன்றவில்லை. எழுதியிருக்க வேண்டுமோ, தெரியவில்லை.

சுவர் எடுத்த அன்று சாயங்காலம் சித்தி மறுபடியும் இடுப்பிலிருந்து காகிதம் எடுத்தாள். அம்மா மெஷினை நிறுத்தினாள்.

"மூணாவதா?"

"படிடி," என்று என்னிடம் கொடுத்தாள்.

பழைய மெமோ இரண்டும் ரத்து. அவருடைய பணியிடம் இனி நிரந்தரமாகப் பிரசவ அறை வாயில். குழந்தையை ஒப்படைக்கும் பொறுப்பு அவருடையது. பை கொடுத்தவரிடமே குழந்தை ஒப்படைக்கப்படும் என்பது எல்லாப் பணி நேரத்துக்கும் பொருந்தும் விதி. கீழே அதே நிர்வாக அதிகாரியின் கையெழுத்து, இந்த முறை கொஞ்சம் கோணலாக.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே மெஷினிலிருந்து துணியை எடுத்துப் பலகையைக் காலி செய்தாள். சித்தி சிரித்துக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டாள்.

"இருபத்திரண்டு வருஷமா நிக்கிறேன்," என்றாள். "இப்பத்தான்டி நிக்கச் சொல்றாங்க."